மெயினை அமத்தட்டுங்களா

வீட்டையே காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகலாம், பிடித்த இடத்தில் நிறுத்தலாம் என்று சொல்லித்தான் என் கணவர் கேரவன் வாங்கினார். ஏற்காட்டுப் பக்கம் செம்மநத்தத்தில் ஒரு காப்பித் தோட்டத்துக்காரர் வீட்டு வாசலில் நிறுத்தியதோடு சரி, பிறகு அது ஓர் அங்குலம்கூட நகரவில்லை. கார் முன்னால் இருந்தால்தான் அது வண்டி. கார் வெளியே போய்விட்டால் சக்கரம் வைத்த பீரோ. அந்த பீரோவுக்குள் நான் இருந்தேன்.

ஊர் சுற்றப் போகிறோம் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தோம். உண்மையில் ஒளிந்துகொள்ள வந்திருந்தோம். கீழே சேலத்தில் ஒரு மருத்துவமனையில் குழந்தைக்காக எனக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. தினமும் சாயங்காலம் வயிற்றில் ஓர் ஊசி, நடுநடுவே மலையிறங்கிப் போய் ஸ்கேன். முந்தைய முறை மாமியார் வீட்டில் தங்கி இதைச் செய்தபோது பால்காரர் வரைக்கும் என் முகத்தில் நல்ல சேதி தேடினார்கள். இந்த முறை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அடம் பிடித்தவள் நான்தான். கேள்விகளுக்குப் பயந்து மலையேறி, தானாகப் போய் ஒரு தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டேன். புத்திசாலிதான்.

ஊசி மருந்து ஃப்ரிட்ஜிலேயே இருக்க வேண்டும். மலைக் குளிர் அதற்குப் போதாது, உறைந்துபோகவும் கூடாது என்று நர்ஸ் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார். கேரவன் ஃப்ரிட்ஜ் மூன்று விதமாக ஓடும். தோட்டத்துக்காரரின் கொட்டகையிலிருந்து எங்களுக்கு ஒயர் இழுத்திருந்தோம். அந்தக் கரண்டில் ஓடும். கரண்ட் இல்லையென்றால் குமிழைத் திருகி கேஸுக்கு மாற்ற வேண்டும். பின்னால் சின்னதாக ஒரு நீலச் சுடர் எரியும், உள்ளே குளிரும். நெருப்பை வைத்துக் குளிர வைக்கிற சங்கதி எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. மூன்றாவது பேட்டரி. விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் அது தாராளமாகப் போதும், ஃப்ரிட்ஜைப் போட்டால் மட்டும் குடித்துத் தீர்த்துவிடும். "வேற வழியே இல்லன்னாதான் அதுல போடணும்" என்பார் கணவர். கூரையில் சோலார் தகடும் இருந்தது. அந்த மூடுபனியில் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

தோட்டத்துக்காரரின் மனைவியை அக்கா என்று கூப்பிடுவேன். வந்த புதிதில் ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்து, "ஏனுங்க, இத்தனூண்டு ஃப்ரிட்ஜுல என்னத்தங்க வெப்பீங்க?" என்று கேட்டார். பால், தயிர் என்றேன்.

ஒரு நாள் மத்தியானம் கேஸ் தீர்ந்துபோக, காலி சிலிண்டரைக் காரில் போட்டுக்கொண்டு கணவர் ஏற்காட்டுக்குப் போனார். அவர் போனதுதான் தாமதம், மழை பிடித்துக்கொண்டது. தலைக்கு மேலேயே இடி இடித்தது, கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் தோட்டத்துக்காரர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கொட்டகை வாசலில் வந்து நின்றார். மழைச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது.

"ஏனுங்க! உங்க மெயினை அமத்தட்டுங்களா?"

இடியில் மெயின் சுவிட்ச் விழுந்துவிட்டது, அதை அமுத்திப் போடட்டுமா என்று கேட்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. நான் வளர்ந்த சென்னையில் சுவிட்சை அமுத்தினால் விளக்கு எரியும்.

"அமுத்துங்க, அமுத்துங்க! சீக்கிரம்!" என்று ஜன்னல் வழியே கத்தினேன். மனிதர் ஓட்டமாக உள்ளே போனார். நன்றி வேறு சொன்னேன்.

கரண்ட் வரவில்லை. மலை முழுக்கவே போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கணவர் போனில் கூப்பிட்டார். வருகிற வழியில் சில்வர் ஓக் மரம் ஒன்று தடத்துக்குக் குறுக்கே விழுந்துவிட்டதாம். நிறைந்த சிலிண்டரோடு அவர் அந்தப் பக்கம், காலி அடுப்போடு நான் இந்தப் பக்கம். "பேட்டரிக்கு மாத்து, கதவைத் திறக்காத" என்றார். பிறகு சிக்னலும் போய்விட்டது.

பேட்டரிக்கு மாற்றினேன். ஃப்ரிட்ஜ் கதவில் உள்ளே இருக்கிற சூட்டைக் காட்டுகிற, தனி செல்லில் ஓடும் சின்னத் திரை உண்டு. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பனி அடைத்துக்கொண்டு, எதிரே இருக்கிற வீடுகூடத் தெரியவில்லை. எழுந்தால் தலை இடிக்கும், நடந்தால் இரண்டெட்டில் சுவர் வரும். பேட்டரி கீச்சுக்கீச்சென்று கத்த ஆரம்பித்தது, அப்புறம் அதுவும் நின்றது. திரையில் எண் ஏறியது. எத்தனை ஊசி குத்திக்கொண்ட வயிறு, எல்லாம் வீணாகப் போகிறது. ஃப்ரிட்ஜ் கதவில் முதுகைச் சாய்த்து, யாரோ வந்து திறந்துவிடப் போகிறார்கள் என்பதுபோல் அதை அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்ற வைராக்கியத்தில் கூப்பிடுவதற்கு ஒரு ஆள் இல்லாமல் செய்துகொண்டேனே என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் பனிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது. மிக்ஸி. அக்கா சட்னி அரைத்துக்கொண்டிருந்தார்.

செருப்புக்கூடப் போடாமல் சேற்றில் ஓடினேன். வீடெல்லாம் விளக்கு எரிந்தது. தோட்டத்துக்காரர் டீவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு மட்டும் ஏன் கரண்ட் இல்ல?"

"நீங்கதானுங்களே அமத்தச் சொன்னீங்க?"

"நான் அமுத்தச் சொன்னேன்!"

"அதேதானுங்க, அமத்திட்டனுங்க!"

அக்கா மிக்ஸியை நிறுத்திவிட்டு வந்தார். "லைட்டை அமத்துன்னா ஆப் பண்றதுங்க" என்றார். இடி இடித்தால் எல்லா மெயினையும் அணைத்துவிடுவது அவர்கள் வழக்கம். இடி நின்று கரண்ட் வந்ததும் தங்களுடையதைப் போட்டுக்கொண்டார்கள். "உங்க வண்டியில என்னென்னமோ மெசினு இருக்குதுங்க. நீங்க சொல்லாம போட்டா பொகஞ்சு போயிருமோன்னு பயந்துட்டனுங்க" என்று கொட்டகைக்கு ஓடினார் தோட்டத்துக்காரர்.

"பால் திரிஞ்சு போச்சுங்களா?" என்று அக்கா கேட்டார். அவ்வளவுதான், என்னால் அடக்க முடியவில்லை. பால் இல்லை, ஊசி மருந்து, குழந்தைக்காக என்று விம்மிக்கொண்டே சொல்லிவிட்டேன். கல்யாணமாகி எத்தனை வருஷம், எந்தக் கோயிலுக்குப் போனீர்கள், யாருக்குக் குறை. அடுத்து வரப்போவதெல்லாம் எனக்கு மனப்பாடம். காத்திருந்தேன்.

"இன்னைக்கு ஊசி எப்பங்க போடணும்?" என்று மட்டும் கேட்டார்.

மருந்துப் பெட்டியை அவரே போய் எடுத்துவந்து தன் ஃப்ரிட்ஜைத் திறந்தார். ஆளுயர ஃப்ரிட்ஜ். மாவுப் பாத்திரத்தைத் தள்ளிவிட்டு மேல்தட்டில் இடம் செய்தார். கதவில் முட்டைகளுக்குப் பக்கத்தில் அவருடைய சர்க்கரை ஊசி மருந்து இருந்தது. "எங்கூட்டு ஃப்ரிட்ஜு இத்தாச்சோடு பெருசா நிக்குது, ஒரு வார்த்தை சொல்லப்படாதுங்களா?" என்றார். அவர்கள் வீட்டுப் போனிலிருந்து நர்ஸைக் கூப்பிட்டேன். அந்த அளவு சூடேறியிருந்தால் பரவாயில்லை, போட்டுக்கொள்ளலாம் என்றார். கணவர் மரத்துக்கு அந்தப் பக்கம். எனக்கு நானே குத்திக்கொள்ளத் தைரியம் கிடையாது. அன்றைய ஊசியை அக்காதான் போட்டார்.

அந்த முறையும் கரு தங்கவில்லை. மருந்து அன்று சூடானதாலா என்று டாக்டரிடம் கேட்டேன். அதனால் இல்லை என்றார். நம்பலாமா என்று நினைக்காத நாள் இல்லை.

சென்னைக்குத் திரும்பிய பிறகு நானாகவே அக்காவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"மறுக்கா வருவீங்கல்ல கண்ணு," என்றார். "மேல்தட்டைக் காலி பண்ணித்தான் வெச்சிருக்கறன். அன்னைக்கிருந்து மாவைக் கீழதான் வெக்கறனுங்க."