மருமகனின் மைதானங்களும் மகளின் மீன்களும்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வாரம் நான் பார்படோஸ் தீவில் இருந்தேன். நியூசிலாந்தில், பாபகூராவில், எங்கள் சனம் சிட்னிக்குப் போய்த் தங்கச்சி வீட்டில் படுத்துவிட்டு வந்து உலகம் சுற்றினோம் என்று சொல்லும். நான் மூன்று விமானம் மாறி உலகத்தின் மற்றப் பக்கத்துக்குப் போய் வந்தவள். அங்கே என்ன பார்த்தாய் என்று ஒருவரும் கேட்காதவரை எனக்குப் பெருமைதான்.

போனது மூன்று பேர்: மகள், மருமகன், நான். கல்யாணம் முடித்து ஒன்பது வருடமாக அவர்கள் எங்கேயும் தனியாகப் போனதில்லை. அப்போதும் போகவில்லை, என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வீட்டில் விட்டால் நான் அடுப்பை அணைக்க மறந்துவிடுவேனாம். ஐம்பது வருடம் அடுப்போடு நின்ற எனக்கு இந்தக் கதை.

மகளுக்கு ஆசை ஒன்றே ஒன்று. மனுகாவில் டிக்கெட் விற்கிற கடையில் கொடுத்த படப் புத்தகத்தில், அடிப்பக்கம் கண்ணாடி போட்ட படகு ஒன்று இருந்தது. குனிந்தால் கீழே மீன் தெரியும், ஆமை தெரியும். அவள் பென்ரோசில் ஒரு தொழிற்சாலையில் நாள் முழுக்கப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவள். அந்தப் படத்தை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி, எட்டு மாதம் பார்த்தபடி பால் எடுத்தாள்.

மருமகன் ஒரு தாளில் "பார்க்க வேண்டிய இடங்கள்" என்று தலைப்புப் போட்டு, ஏழு நாளுக்கும் இடம் எழுதி வைத்திருந்தார். கிரிக்கெட் பைத்தியம். யாழ்ப்பாணத்தில் ரேடியோ கேட்ட காலத்திலிருந்து அந்தத் தீவுப் பந்துவீச்சாளர்கள் எல்லாரும் அவருக்குச் சொந்தக்காரர்.

முதல் நாள் பெரிய மைதானம். அந்த வாரம் போட்டி ஒன்றும் இல்லை. ஒருவர் புல் வெட்டினார். இரண்டு மணித்தியாலம் புல் வெட்டுவதைப் பார்த்தோம். புல் எங்கள் வீட்டிலும் இருக்கிறது, அதை வெட்டத்தான் ஆள் இல்லை. இரண்டாம் நாள் ஒரு பந்துவீச்சாளர் படித்த பள்ளிக்கூடம். விடுமுறை, கேட் பூட்டு. மூன்றாம் நாள் இன்னொருவர் சின்ன வயதில் பந்து எறிந்து பழகிய சுவர். மருமகன் அதைத் தடவிப் பார்த்தார். உடுப்புக் காயப்போட்ட வீட்டுக்காரி, சுவரை விலைக்குக் கேட்க வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பாள்.

நான் ஏன் வாய் திறக்கவில்லை என்றால், எங்கள் பக்கத்தில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. மரியாதை. மகள் நடுவில் நின்று சொல்லை அங்கும் இங்கும் காவ வேண்டும். வாடகைக் காரிலும் அப்படித்தான். பின் இருக்கையில் நான்.

"பிள்ளை, இண்டைக்காவது படகுக்குப் போறமோ எண்டு கேள்."

"இஞ்சாருங்கோ, அம்மா படகைக் கேக்கிறா."

"நாளைக்குப் போவம் எண்டு மாமியிட்டைச் சொல்லும்."

"நாளைக்காம், அம்மா."

எனக்கும் அவருக்கும் இடையில் ஒரு முழத் தூரம். காதும் எனக்கு நன்றாகக் கேட்கும்.

இப்படியே நாளைக்கு நாளைக்கு என்று கடைசி நாள் வந்துவிட்டது. பின்னேரம் விமானம். படகு பத்து மணிக்கு. ஒன்பதரைக்கு மருமகன் காரைக் கரும்புத் தோட்டப் பக்கம் திருப்பினார். அங்கே ஒரு சின்ன மைதானமாம், ஐந்து நிமிட வேலையாம்.

மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஏனடி, நீ சொல்லன்."

"விடுங்கோ அம்மா. அவரின்ரை ஆசை."

ஒன்பது வருடம் எங்கள் இரண்டு பேரின் சொல்லையும் காவினவள். அவளுடைய சொல்லைக் காவ அந்தக் காரில் ஒரு ஆளும் இல்லை.

"தம்பி," என்றேன், நேரே அவரிடம். "காரைத் திருப்புங்கோ. அவள் மீன் பாக்கவேணும்."

கார் கரும்புக்கு நடுவில் நின்றுவிட்டது. அவர் மறுமொழியைக் கொடுத்துவிட மகளைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

"ஓம் மாமி," என்றார்.

படகுக்காரன் கயிறு அவிழ்க்கும்போது ஏறினோம். மகள் கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தவள், ஒரு மணித்தியாலம் நிமிரவில்லை. ஆமை வந்தபோது என்னைக் கூப்பிட்டாள், அவரைக் கூப்பிடவில்லை. அவர் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். கடல் ஒத்துவராது என்பதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். சுவரைத் தடவுகிற ஆம்பிளைக்கு அதைச் சொல்ல வெட்கம்.

அன்றோடு மரியாதை போனது போனதுதான். இப்போது சனிக்கிழமைகளில் டிவிக்கு முன்னால் என் பக்கத்தில் இருந்து, காலில் பந்து பட்டால் ஏன் அவுட் என்று மருமகன் எனக்கு நேரே விளங்கப்படுத்துகிறார். கொஞ்சம் நிறுத்தச் சொல்லு என்று மகளைக் கூப்பிட்டால், அவள் குசினியில் சமைத்தபடியே, "நீங்களே சொல்லுங்கோ அம்மா," என்கிறாள்.