வருஷத்துக்கு இரண்டு ஊசி

இதயத்தில் ஸ்டென்ட் வைத்த ஆறாவது மாதம் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அதைச் சாப்பிட்டால் கெண்டைக்கால் இறுகிப்போய், ஃப்ரீமான்ட் ரயில் ஸ்டேஷன் படிகளில் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏற முடிந்தது. மனைவி ஞாயிறுதோறும் மாத்திரைகளை டப்பாவில் பிரித்து வைப்பாள். அந்த ஒன்றை மட்டும் ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டு போய் ஆபீஸ் குப்பைக்கூடையில் எறிந்துவிடுவேன்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு மறுபடி ஏறியிருந்தது. டாக்டர் புது ஊசி ஒன்றைச் சொன்னார். ஆரம்பத்தில் மூன்று மாத இடைவெளியில் இரண்டு, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று, கிளினிக்கிலேயே போட்டுவிடுவார்களாம். கல்லீரலில் ஒரு ஜீன் அனுப்பும் உத்தரவை அது வழியிலேயே அழித்துவிடும், ஜீனைத் தொடாது, அதன் வாயை மட்டும் அடைக்கும் என்றார்.

அந்த 'மட்டும்'தான் எனக்கு உறுத்தியது. இருபது வருஷமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன். ஒரே ஒரு இடத்தில்தான் கை வைத்தோம் என்று சொன்ன யாரையும் நான் நம்பியதில்லை. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் மருந்தை வெளியே எடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"முடியாது. தானா மெதுவாத்தான் குறையும், மாசக்கணக்காகும்" என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "மாத்திரை தினமும் எடுத்துக்கறீங்கதானே?"

"நானேதான் எடுத்து வைக்கறேன் டாக்டர்" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, எனக்கு முந்தி.

டாக்டர் என்னையே பார்த்தார். நான் மருந்தைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் என்னைச் சந்தேகப்பட்டுத்தான் அந்த ஊசிப் பேச்சையே எடுத்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கால்வலியை அன்றைக்கே சொல்லியிருந்தால் வேறு மாத்திரை பார்த்திருக்கலாமே, இனி ஊசியே நல்லது என்றார்.

வீட்டுக் கராஜில் கார் நின்ற பிறகு மனைவி கேட்டாள்: "வேற என்னவெல்லாம் மறைச்சிருக்கீங்க?" ஒன்றுமில்லை என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

அடுத்த மாதம் வயிற்றில் ஊசி போட்டார்கள். ஒரு வாரம் போட்ட இடத்தையே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். லேசான சிவப்பு, அதுவும் போய்விட்டது. மூன்று மாதம் கழித்து வந்த ரிசல்ட்டில் கொழுப்பு பாதிக்கும் கீழே. லேபில் வேறு யாருடைய ரத்தத்தோடோ மாறிப்போயிருக்கும் என்று தோன்ற, வேறொரு லேபில் போய் மறுபடி கொடுத்தேன். அங்கேயும் கிட்டத்தட்ட அதே எண்.

ரிசல்ட்டைப் போனில் மனைவியிடம் காட்டினேன். அவள் போனை வாங்கி, பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்த்துவிட்டுத்தான் எண்ணைப் பார்த்தாள்.