பெண் சிலந்தி ஏன் பெரியது

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த ஜீவரத்தினம் சாரைப் பற்றித் தெருவில் யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள். சார் குள்ளம். அவர் மனைவி ஹெப்சி அக்கா நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு. இருவரும் சேர்ந்து சர்ச்சுக்குப் போனால், அம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதாகக் கேலி பேசுவார்கள். இந்தத் தெருவுக்கு வேறு வேலை கிடையாது. எனக்கு அந்தச் சிரிப்பு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது.

சார் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். அவருக்குச் சிலந்தி என்றால் உயிர். சில சிலந்திகளில் பெண் கால் விரித்தால் உள்ளங்கையை நிறைக்கும். ஆண் ஓர் அரிசிமணி அளவுதான் இருக்கும். ஆண் சிறுத்துப்போனதா, பெண் பெருத்துக்கொண்டே வந்ததா? இந்த ஒரு கேள்வியோடு மனிதர் வாழ்நாளை ஓட்டினார்.

"ஆண் அதிகமா மாறலை, சரிதா. பெண்தான் தலைமுறை தலைமுறையா வளர்ந்துகிட்டே வந்துச்சு. அவன் சில தடவை தோலை உரிச்சதுமே ஆளாயிடுவான். அவ நிறுத்த மாட்டா, இன்னும் உரிச்சு உரிச்சு வளருவா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பெருமையாக அக்காவைப் பார்ப்பார்.

"போதும், போய் வேலையைப் பாருங்க" என்பார் அக்கா. உள்ளுக்குள் அவருக்கும் பெருமைதான்.

மழைக்காலம் முடிந்ததும் சனிக்கிழமை காலைகளில் இருவரும் ஸ்கூட்டரில் மாடம்பாக்கம் ஏரிப் பக்கம் போவார்கள். அந்தப் பெரிய சிலந்தி மரத்துக்கு மரம் உயரத்தில் வலை கட்டும். சாருக்கு எட்டாது. அக்காதான் கிளையை விலக்கி, வலையின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருக்கும் ஆணைக் கண்டுபிடித்து, "உங்க ஆளு இங்க ஒளிஞ்சிருக்காருங்க" என்பார். குழந்தை இல்லை என்ற பேச்சை அந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை. இருவருக்கும் அந்தச் சனிக்கிழமைகள் போதுமாக இருந்தன என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு மே மாதம், சர்ச்சில் பிள்ளைகளுக்கு நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளியில் சாரைப் பேசக் கூப்பிட்டார்கள். அக்கா பின்னால் நின்று ஜூஸ் ஊற்றிக்கொண்டிருந்தார். உதவிக்கு நானும் போயிருந்தேன். பெண் சிலந்தி ஏன் அவ்வளவு பெரியது என்று ஒரு பிள்ளை கேட்டது. சார் யோசிக்கவே இல்லை. "உடம்பு பெருசா இருந்தா நிறைய முட்டை போடலாம். அதுக்குத்தான்" என்றார்.

முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் எழுந்தாள். "அப்போ ஹெப்சி ஆன்ட்டி இவ்ளோ பெருசா இருக்காங்களே அங்கிள், அவங்களுக்கு ஏன் பாப்பா இல்ல?"

குழந்தை, அதற்கு என்ன தெரியும். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த பெரியவர்களைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். எல்லோரும் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். சார் கண்ணாடியைத் துடைத்தார். "அது... மனுஷங்களுக்கு இந்த விதி பொருந்தாதும்மா" என்றார். அக்கா குனிந்த தலை நிமிராமல் டம்ளர்களை நிரப்பிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு அக்கா ஏரிக்குப் போகவில்லை. முழங்கால் வலி என்றார். சாருக்குக் காரணம் புரிந்தது, ஆனால் பரிகாரம் தேடத் தெரியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சிலந்திப் பேச்சை எடுத்துவிடுவார். முட்டை மட்டும் காரணமில்லை, பெரிய உடம்பென்றால் குளவியால் எளிதில் தூக்கிப்போக முடியாது, ஆராய்ச்சியாளர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை என்று விளக்குவார். அக்கா, "சரிங்க, சாப்பாடு ஆறுது" என்பார். வருஷக்கணக்கில் இதே கதை. நானும் மாடிப்படியில் காதில் விழக் கேட்டிருக்கிறேன். ஒருநாளாவது இந்த மனிதரைப் பிடித்து உலுக்கலாமா என்றிருக்கும்.

பிறகு அக்காவுக்கு இரைப்பையில் புற்றுநோய் வந்தது. அந்த உடம்பு கரைந்தது. ஆஸ்பத்திரி வாசலில் சார் தனி ஆளாக அவரை ஆட்டோவிலிருந்து தூக்கி இறக்கினார்.

அக்கா இறப்பதற்கு முந்தின வாரம், கஞ்சி எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போயிருந்தேன். சார் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார்.

"ஹெப்சி, அன்னைக்கு நான் சொன்னது பாதிதான். முட்டை மட்டும்..." என்று ஆரம்பித்தார்.

அக்கா கண்களை மூடிக்கொண்டார். "இன்னும் அதை விடலையா நீங்க? சிலந்திக்கு என்ன காரணமோ இருந்துட்டுப் போகட்டுங்க. எனக்கு அது வலிக்கலை. அந்தப் பாப்பா கேட்டப்ப எல்லாரும் என்னையே பார்த்தாங்க. 'எனக்கு இவ போதும்'னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

இத்தனை வருஷமும் சார், யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார் பாவம். கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து, "எனக்கு நீ போதும்மா. நீ மட்டும் போதும்" என்றார். வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் அழுதுகொண்டே மறுபடியும் சொன்னார்.

அக்கா எலும்பாகிப்போன கையை நீட்டி அவர் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"இப்ப மெதுவா சொன்னா போதுங்க. சத்தமா சொல்ல வேண்டியது அன்னைக்கு."