பக்கத்து மலையின் கொழுந்து

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு,

பதுளையிலிருந்து வரும் பேருந்து நின்றுவிடும் இடத்திலிருந்து மேலும் நடந்து ஏறவேண்டிய தோட்டம் எங்களுடையது. இங்குள்ள தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில், என் உழைப்புக் காலம் முழுவதும் கழிந்தது. இப்போது அந்தத் தொழிற்சாலை பூட்டிக் கிடக்கிறது. கொழுந்தை லொறி ஏற்றிக்கொண்டு பண்டாரவளைப் பக்கம் வேறொரு தொழிற்சாலைக்குப் போகிறது. இரண்டை ஒன்றாக்கினால் செலவு குறையும் என்றார்கள். குறைந்திருக்கலாம்.

அடுத்த மாற்றம் மலைகளுக்கு வந்தது. தேயிலை நிற்கும் இடத்தை நாங்கள் மலை என்றே சொல்வோம். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் தோட்டத்தை நடத்தும் துரை எல்லோரையும் கூட்டி விளக்கினார். வெளிநாட்டுத் தேயிலை மலிவாக விற்கிறது. நாட்கூலி கொடுத்துக் கம்பனியால் தாக்குப்பிடிக்க இயலாது. ஆகவே மலையைத் துண்டு துண்டாகக் குடும்பங்களிடம் ஒப்படைப்போம். நீங்களே பராமரித்துப் பறியுங்கள், கொழுந்தின் நிறைக்குப் பணம் தருவோம்.

"இனி நீங்க கூலி இல்ல. நீங்கதான் மொதலாளி" என்று முடித்தார்.

"அப்ப நமக்கு யாருங்க தேத்தண்ணி ஊத்தித் தாறது?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். துரையும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு கூட்டம் கலைந்தது.

என் தங்கை கணவனை இழந்தவள். லயத்து வரிசை வீடுகளில், எனக்கு அடுத்த காம்பரா அறையில் வசிக்கிறாள். அவளுக்கு ஆற்றோரத்துத் துண்டு கிடைத்தது. வேறு வருமானம் அவளுக்கு இல்லை. அந்தப் பகுதிக்கு வாரத்தில் ஒரு நாள்தான் லொறி வரும். ஒரு முறை பறிக்கத் தவறி, மறுமுறை கொழுந்தும் தரமில்லை என்று கழிக்கப்பட்டால், துண்டு கம்பனிக்கே திரும்பிவிடும்.

முன்னர் பெண்கள் நிரை பிடித்து ஒன்றாகப் பறிப்பார்கள். ஒருத்திக்கு உடம்புக்கு முடியாத நாளில், நிறுவைக்கு முன் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கை கொழுந்தை அவள் கூடையில் போடுவார்கள். அவளுக்கும் அன்றைய கூலி முழுதாக விழும். கணக்கப்பிள்ளை பார்த்தும் பாராதிருப்பார். இதற்கு யாரும் நன்றி சொன்னதில்லை. தன் கூடையும் ஒருநாள் அப்படித்தான் நிறையவேண்டும் என்பதை எல்லோரும் அறிவார்கள்.

அடுத்த துண்டுக்காரியை ஒரு மழைக்காலத்தில் குளவி கொட்டி, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். லொறி வரும் நாள் காலை, என் தங்கை கூடையை மாட்டிக்கொண்டு அவளுடைய துண்டுக்குப் புறப்பட்டாள்.

"ஒன் மலைய மொதல்ல முடிச்சிரு தங்கச்சி" என்றேன்.

"அவ மூஞ்சி வீங்கிக் கெடக்கா. திரும்பி வரயில மல பறிபோயிருந்தா என்னண்ணே செய்வா? எனக்கு கை கால் இருக்கு, பொறகு பறிச்சிக்கிறேன்."

"பொறகு லொறி வராதே."

"ஒனக்கு எப்பவும் லொறி நெனப்புதான்."

தான் பக்கத்துத் துண்டில் நிற்பதைக் கண்டு வேறு யாராவது தன் துண்டில் இறங்குவார்கள் என்று அவள் நம்பியிருந்தாள். யாரும் இறங்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஒவ்வொருத்திக்கும் ஒரு துண்டு இருந்தது. எல்லோருக்கும் அதே லொறி.

மறுவாரம் அவள் தன் துண்டில் பறித்தவை முற்றிப்போயிருந்தன. நிறுக்க வந்த உத்தியோகத்தர் ஓர் இலையை மடக்கிப் பார்த்தார்.

"என்னம்மா, இத மாட்டுக்குத்தான் போடலாம்."

"மழைங்க ஐயா. போன கெழம பக்கத்து மலையில நின்னேன்."

"நீ நின்னது எனக்குத் தெரியும்மா. கம்பனிக்குத் தெரியாதே."

அவர் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் திருப்பிப் பேசவாவது முடிந்திருக்கும்.

துண்டு கைவிட்டுப் போயிற்று. அதைப் பக்கத்துக்காரிக்கே கொடுத்தார்கள். கம்பனிக் கணக்கில் அவள் விடாமல் பறித்தவள், நிறையும் நன்றாக விழுந்தது என்பது காரணம். முகத்தில் வீக்கம் முழுதும் வற்றாத நிலையில் அவள் எங்கள் வாசலுக்கு வந்து நின்றாள்.

"நான் கேக்கலக்கா. வேணாம்னு சொன்னா வெளியாளுக்குக் குடுத்திருவோம்ங்கிறாங்க."

"நீயே வச்சிக்க. ஆத்துப் பக்கம் அட்டைக் கடி அதிகம், காலுக்கு சவக்காரக் கட்டிய தடவிக்கிட்டு எறங்கு" என்று சொல்லி, தங்கை அவளை உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தாள்.

இப்போது என் தங்கை வெலிமடைப் பக்கம் கரட் கிழங்குத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறாள். லொறி வரும் நாளில் மட்டும் ஆற்றோரத்துத் துண்டில், தான் வளர்த்த செடிகளுக்கு நடுவே, பக்கத்துக்காரியிடம் நாட்கூலிக்கு நிற்கிறாள். இரண்டு துண்டையும் தனியே பறிக்க அந்தப் பெண்ணால் முடியாது. கூலி கைமாறும்போது கொடுப்பவளும் வாங்குபவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

பராமரிக்கத் தவறியவள் என்றுதான் கம்பனி அவளைக் குறித்துவைத்திருக்கும். அவள் அன்று எங்கே நின்றாள் என்பது வேறெங்கும் எழுதப்படவில்லை. ஆகையால், இதை வாசித்தபின் எறிந்துவிடாமல், தயவுசெய்து ஓரிடத்தில் வைத்திருங்கள்.