எழுந்து வராத மம்மி

எகிப்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சாயம் வழியாகத் தெரிந்ததுதான். மணலுக்கு மங்கலான மஞ்சள், வானத்துக்கு அடர்ந்த நீலம், அரசனுக்கு உடம்பு முழுக்கத் தங்கம். சித்திரக்கதைப் புத்தகம் போடும் அலுவலகத்தில் அவள் வண்ணம் தீட்டுகிறவள். அவள் கணவர் படம் போடுகிறவர். மம்மி கதை என்றாலே அவர் கைக்குத்தான் போகும் என்பதால் அங்கே அவருக்கு மம்மி மாஸ்டர் என்றே பெயர்.

அந்தப் புத்தகங்களின் எகிப்து ஒரு விசித்திரமான ஊர். அங்கே ஒருத்தரும் அடுப்பு மூட்டியதில்லை, துணி துவைத்ததில்லை, மாமியாரோடு மல்லுக்கு நின்றதில்லை. ஆண்கள் காலையில் எழுந்ததும் கையைக் கட்டிக்கொண்டு சாபம் கொடுக்கப் போய்விடுவார்கள். பெண்கள் கண்மையை அப்பிக்கொண்டு தூணுக்குப் பின்னால் நிற்பார்கள். பூனை ஒன்றுதான் தன் வேலையைப் பார்க்கும். செத்தவர்கள் பாடு இன்னும் மோசம். பெட்டியைத் திறந்தால் போதும், கட்டுத்துணி தொங்கத் தொங்க எழுந்து வந்து யார் கழுத்தையாவது பிடித்தாக வேண்டும். அதற்குத்தானே காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பார் ஆசிரியர்.

மாஸ்டரும் பல வருடம் வாயை மூடிக்கொண்டு மம்மியை எழுப்பிக்கொண்டுதான் இருந்தார். பழைய புத்தகக் கடையில் எகிப்தைப் பற்றித் தடித்த புத்தகம் ஒன்று அவர் கையில் மாட்டியதிலிருந்துதான் தொல்லை. அவள் வண்ணம் கலக்கும்போதெல்லாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்.

“கேளு. வீட்ல கட்டின பழைய துணியக் கிழிச்சுத்தான் சுத்துவாங்களாம். விரல் விரலா, தனித்தனியா. பயமுறுத்தவா ஒருத்தன் இவ்வளவு மெனக்கெடுவான்? நம்ம ஆளு பத்திரமா இருக்கட்டும்னுதானே?”

“சரி, அந்த பிரஷ்ஷ இப்படிக் குடுங்க.”

“இந்தத் தடவை நான் எழுப்பப் போறதில்ல. திருடனுங்க மூடியத் திறப்பானுங்க. அது பாட்டுக்குப் படுத்திருக்கும். இவனுங்களே வெக்கப்பட்டு மூடிட்டு வந்துடுவானுங்க.”

“ஆசிரியர் உங்களப் பெட்டிக்குள்ள வெச்சு மூடிடுவாரு.”

அதற்கு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கடைசிப் பக்கத்தின் கடைசிக் கட்டம் மட்டும் பாக்கி இருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மருத்துவமனைக்குப் போனவர் உயிரோடு திரும்பவில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. “கல்லு மாதிரி உக்காந்திருக்காத அண்ணி. ஒரு வாட்டி வாய்விட்டு அழுதுடு” என்றாள் நாத்தனார். நல்ல யோசனையாகத்தான் இருந்தது. ஆனால் சிங்கில் பாத்திரம் கிடந்ததே என்று எழுந்துபோய்க் கழுவினாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள், படுக்கச் சொன்னால் படுத்தாள். யாருக்கோ நடந்ததுபோல இருந்தது. காரியமெல்லாம் முடிந்ததும் வேலைக்குப் போனாள். அவர் மேசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மணலுக்கு மஞ்சளும் வானத்துக்கு நீலமும் அடித்துத் தள்ளினாள்.

கடைசிக் கட்டத்துக்கு ஆசிரியரே வழி சொன்னார். மாஸ்டரை அவர் அண்ணே என்று கூப்பிட்டவர், அதனால் இவள் அண்ணி. “புது ஆளுக்குச் சொல்லி வரைய வைக்க நேரமில்ல அண்ணி. அண்ணன் போட்ட பழைய மம்மி ஏதாவது ஒண்ண எடுத்து டிரேஸ் பண்ணிடுங்க. எது கிடைச்சாலும் சரி.”

எது கிடைத்தாலும் சரி இல்லை. படுத்திருப்பது ஒன்று வேண்டும். அவர் எழுப்பப் போவதில்லை என்று சொன்னது அவளிடம் மட்டும்தான். அவள் கோட்டை விட்டால், அவர் போட்ட கடைசி மம்மியும் எழுந்து நின்று கழுத்தைப் பிடிக்கும். பரணில் இருந்த பழைய பக்கங்களைக் கட்டுக் கட்டாக இறக்கிப் பிரித்தாள். துரத்துகிற மம்மி, கதவை உடைக்கிற மம்மி, படகில் ஏறிக்கூட வருகிற மம்மி. இத்தனை வருடத்தில் ஒரு செத்தவரைக்கூட நிம்மதியாகப் படுக்க விடவில்லை இவர்கள்.

வேறு வழியில்லாமல் நிற்கிற மம்மி ஒன்றைப் பக்கவாட்டில் திருப்பி, அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் போட்டாள். மம்மி படுத்துவிட்டது. நீட்டிய கைகள் மட்டும் கூரையைப் பிடிக்கப் போவதுபோல் மேலே நின்றன. அவளுக்குப் படம் வராது, அவர் போட்ட கோட்டுக்குள் வண்ணம் நிரப்பத்தான் தெரியும். ஆனாலும் கைகளை விட்டுவிட்டு மற்றதை டிரேஸ் எடுத்தாள். அழித்து அழித்து, கைகளை மார்பின்மேல் தானே போட்டு முடித்தாள். கால் பக்கம் வந்ததும் கை கொஞ்சம் நின்றது. பிறகு ஒரு பாதத்தைத் துணி சுற்றாமல் வெறுமனே வரைந்தாள்.

ஆசிரியர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பக்கத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

“என்ன அண்ணி, படுத்திருக்கு?”

“ஆமா சார். இந்தத் தடவை எழுப்ப மாட்டேன்னு சொல்லியிருந்தாரு.”

“சரி, போகட்டும். அண்ணன் ஆசைப்பட்டதுதானே. ஆனா இது என்ன, ஒத்தக் கால் மட்டும் துணிக்கு வெளிய? மம்மிக்கு எங்கயாவது பாதம் தெரியுமா? படிக்கறவன் சிரிப்பான்.”

“ரெண்டு காலையும் மூடினா அவருக்குத் தூக்கம் வராது சார். ஒரு காலாவது போர்வைக்கு வெளிய இருக்கணும். எவ்வளவு குளிரா இருந்தாலும் அப்படித்தான்.”

ஆசிரியர் பக்கத்தை மேசையில் வைத்தார்.

“அவரக் கொண்டுவந்த அன்னிக்கு எல்லாருமாச் சேர்ந்து தலைலேர்ந்து கால்வரைக்கும் இழுத்து மூடிட்டாங்க” என்றாள் அவள். “நான் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன். வேண்டாம்னு சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல சார்.”

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மை இன்னும் காயாமல் இருந்த அந்தப் பக்கத்தை ஆசிரியர் நனையாமல் ஓரமாக நகர்த்தி வைத்தார்.