கீப்பர் இடத்தில் என் பெயர்

டிவியில் கோட் போட்ட நாலு பேர் உட்கார்ந்து, ஒருநாள் அணிக்கு யாரை விக்கெட் கீப்பராகப் போடலாம் என்று முக்கால் மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேட்டிங்கும் தெரிந்திருக்க வேண்டுமாம். நான் எழுந்துபோய் மொட்டை மாடியில் காயும் துணியை எடுத்தேன். என் மனைவிக்கு ஆச்சரியம். சொல்லாமலே துணி எடுக்கிற ஆளா நான்?

உங்களிடம் சொல்வதற்கென்ன, நானும் அணி தேர்ந்தெடுத்தவன்தான். தொண்ணூறுகளின் தொடக்கம், அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்ப் உதிரிபாகம் செய்யும் கம்பெனி. புரொபேஷனில் இருந்த என்னை கேப்டன் ஆக்கியது ஆட்டத்தைப் பார்த்து அல்ல, கையெழுத்தைப் பார்த்து. பட்டியலை அழகாக எழுதி ஆபீஸில் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. கீப்பிங் கிளவுஸ் டூல் ரூமில் கிடக்கும். கையை விட்டால் மெஷின் எண்ணெயும் பழைய வியர்வையுமாகக் குப்பென்று அடிக்கும். "பர்மனென்ட் வாசனை மச்சான்" என்பான் பஷீர்.

பூந்தமல்லிக்காரன், டிரில்லிங் மெஷினில் டெம்பரரி. அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. கம்பெனிகளுக்கு இடையிலான போட்டியில் ஆடிய டெம்பரரிகளை மேனேஜர் பர்மனென்ட் ஆக்கிவிடுவார். எங்கும் எழுதி வைக்காத வழக்கம். அந்த வருஷம் காலியாக இருந்தது கீப்பர் இடம் ஒன்றுதான். பஷீருக்கு அந்த மாதத்தோடு வேலை முடிகிறது. அவனைத் தாண்டிப் பந்து போய் நான் பார்த்ததில்லை. மட்டையைப் பிடித்தால் பக்கத்துக் கம்பெனிக் கூரையில்தான் பந்து விழும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்கிறீர்களா?

ஃபோர்மேனின் மச்சினன் சுரேஷ் இருந்தானே! அவனும் டெம்பரரி, அவனும் கீப்பர். அப்படித்தான் ஃபோர்மேன் சொன்னார். டீ வேளையில் என் தோளில் கைபோட்டு, "நம்ம சுரேசு கூட சோக்கா புடிக்கிறான்பா. உன் கன்ஃபர்மேஷன் பேப்பர் என் டேபிள் மேலதான் கீது" என்றார். பஷீரோ எதுவும் கேட்கவில்லை. "நீ கீறே, எனக்கு இன்னா பயம்" என்றான். எது என்னை அதிகம் நெரித்தது என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. ஒரு வாரம் பட்டியலை எழுதாமல் இழுத்தடித்தேன்.

கடைசியில் மகா புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். கீப்பர் இடத்தில் என் பெயரையே எழுதினேன். அதுவரை நான் ஸ்பின் போடுபவன்; கீப்பர் பந்து போட முடியாதே, அந்த இடத்துக்கு ஸ்டோர்ஸில் ஏற்கெனவே பர்மனென்டாக இருந்த ஒருவரைச் சேர்த்தேன். யாருக்கும் துரோகம் செய்யவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பஷீரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஆட்டத்தன்று அவன் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு எங்களோடு கம்பெனி லாரியில் ஏறிவிட்டான். மைதானத்தில் பட்டியலைப் படித்தார்கள். நான் தலை நிமிராமல் கால் பேடுகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். எந்த வாரை எதில் மாட்டுவது என்றே தெரியவில்லை. அவன் வந்து என் முன்னால் மண்டியிட்டு, ஒவ்வொரு வாராக மாட்டினான்.

"டைட்டா கீதா?"

இருக்கிறது என்றேன்.

"பந்து எழும்பறதுக்கு முன்னாடி நீ எழுந்துராத" என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தான்.

மூன்று கேட்ச் விட்டேன். தோற்றோம். மாதக் கடைசியில் பஷீர் போனான். ஃபோர்மேன் சுரேஷை வேறு வழியில் உள்ளே கொண்டுவந்தார், கோபம் தணிந்து என் பேப்பரிலும் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. மைதானமும் போயிற்று, பிட்சுக்கு மேட்டிங் விரித்த இடம் எதுவென்று காட்டக்கூட ஆளில்லை. மூடும்வரை அங்கேதான் வேலை பார்த்தேன். கல்யாணம், பிள்ளைகள் படிப்பு எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான். அத்தனை வருஷமும், பூந்தமல்லி என்று போர்டு போட்ட பஸ் வந்தால் ஏறமாட்டேன். அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன்.