அம்மா ஏறிய தொண்டி பஸ்

வற்றல் மூட்டைகளை இறக்கிய பிறகும் சித்தப்பாவின் வேனுக்குள் மிளகாய் நெடி போகாது. மூக்கில் ஏறி, தொண்டையைக் கமறவைத்து, கண்ணில் நீர் வரவைத்துவிடும். முதுகுளத்தூர்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து நான் முதன்முதலாகக் கடல் பார்க்கப் போனது அந்த வேனில்தான். எனக்கு அப்போது பத்து வயது. ஒரு நாள் விடிந்தும் விடியாததுமாக அய்யா திடீரென்று, எல்லாரும் கிளம்புங்கள், ராமேஸ்வரம் போய்விட்டு வந்துவிடலாம் என்றார். சித்தப்பா வண்டியை ஓட்ட, அய்யா முன்னால் உட்கார, அம்மாவும் நானும் பின்னால் ஏறிக்கொண்டோம். ஏன், எதற்கு என்று அம்மாவுக்கே தெரியாது.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் என் அக்கா வள்ளிமயில், தொண்டியில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள். ஊரே மயிலு என்று கூப்பிட்ட அவளை அய்யா மட்டும் முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். அவள் போனதிலிருந்து வீட்டில் யாருக்கும் சோறு ஒழுங்காக இறங்கவில்லை. எங்களைத் தேற்றத்தான் கூட்டிப்போகிறார் என்று நினைத்தேன். ராமநாதபுரத்தில் எனக்குச் "சீனிச்சேவு" வாங்கிக் கொடுத்தார். புதிதாகத் திறந்திருந்த பாம்பன் ரோட்டுப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, கீழே ரயில் ஊர்ந்து போவதைக் காட்டினார். அவ்வளவு பிரியமாக இருந்தார்.

கடற்கரையில் திதி கொடுத்துவைக்கும் ஐயர் ஒருவர் முன்னால் அய்யா சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தாத்தாவுக்காக இருக்கும் என்று நான் அலையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். இறந்தவர் பெயரென்ன என்று ஐயர் கேட்டார்.

"வள்ளிமயில். மூத்த மக," என்றார் அய்யா. தவறி எத்தனை நாளாகிறது என்று கேட்டதற்கு, "ஒரு மாசம் ஆச்சு," என்று குரல் பிசகாமல் சொன்னார்.

அக்கா செத்துவிட்டாள், என்னிடம் மட்டும் மறைத்திருக்கிறார்கள் என்றே நினைத்து அம்மாவின் சேலையைப் பிடித்தேன். எள்ளும் தண்ணீரும் இறைத்துப் பிண்டத்தைக் கரைத்துவிட்டு அய்யாவும் சித்தப்பாவும் கடலில் முங்கினார்கள்; என்னையும் பிடித்து முக்கினார்கள். அம்மா இடுப்பளவுத் தண்ணீரில் அசையாமல் நின்றாள். அய்யா முங்கச் சொன்னார், பிறகு அதட்டினார்.

"எம்புள்ள உசுரோட இருக்கா. நான் முங்க மாட்டேன்," என்றாள் அம்மா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெற்ற பிள்ளையைத் "தலைமுழுகிட்டேன்" என்று கோபத்தில் கத்துகிறவர்களை ஊரில் பார்த்திருக்கிறேன். வேன் பிடித்து, சேவு வாங்கிக் கொடுத்து, நிஜமாகவே முழுகக் கூட்டிவருவார்கள் என்று யார் கண்டது? அய்யாவை எதிர்த்து அம்மா பேசியதையும் அன்றுதான் கேட்டேன்.

திரும்பும்போது டீ குடிக்க ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டி நின்றது. அம்மா இறங்கினாள். "நீ அய்யாவோட வீட்டுக்குப் போத்தா. நான் அக்காவைப் பாத்துட்டு வாரேன்," என்று என்னிடம் சொல்லிவிட்டு, தனியாகச் சந்தைக்குக்கூடப் போயறியாதவள், நேராகப் போய்த் தொண்டி பஸ்ஸில் ஏறிவிட்டாள். டீ கிளாஸும் கையுமாக அய்யா அப்படியே நின்றார்.

சில நாள் கழித்து அம்மா திரும்பி வந்தாள். பிறகு மாதம் தவறாமல் தொண்டிக்குப் போய்வந்தாள். அய்யா போகாதே என்று சொல்லவும் இல்லை, அக்கா எப்படியிருக்கிறாள் என்று கேட்கவும் இல்லை. இன்று அந்த வேன் இல்லை, அம்மா இல்லை, அய்யாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடைசிக் காலத்திலாவது அய்யா தன் பெயரைச் சொன்னாரா என்று அவள் கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அவர் வாயால் அந்தப் பெயரை நான் கடைசியாகக் கேட்டது அந்த ஐயர் முன்னால்தான்.